டென்னிஸ் நூலை ஆடுகளத்தில் பயன்படுத்துவது எப்படி?

டென்னிஸ் பயிற்சி நூலை ஒரே மூச்சில் படித்து முடிப்பதைவிட, ஓர் அத்தியாயத்தைப் படித்ததும் அதிலுள்ள ஒரே ஒரு பயிற்சியை ஆடுகளத்தில் செய்து பார்ப்பதே பயன் தரும். திமோதி கால்வே எழுதி 1974-இல் வெளிவந்த ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ இதற்கு மிகவும் ஏற்ற நூல். அதில் வரும் பயிற்சியின்படி, பந்து தரையில் பட்டு எழும் கணத்தில் ‘பவுன்ஸ்’ என்றும், மட்டையில் படும் கணத்தில் ‘ஹிட்’ என்றும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்து ஆடுகளத்தினர் திரும்பிப் பார்த்தால் பொருட்படுத்த வேண்டாம். சொல் பந்தை முந்தினாலோ பிந்தினாலோ, கவனம் பந்தின் மீது இல்லை என்று பொருள். அந்நேரத்தில் மணிக்கட்டையும் தோளையும் திருத்த முயலாமல், சொல்லும் பந்தும் ஒன்றுசேரும்வரை ஆடிக்கொண்டே இருக்கலாம். சர்வீஸையும் மட்டையின் பிடிமுறையையும் மட்டும் பயிற்சியாளரிடம் நேரில் கற்பதே நல்லது.