குட்டி கொடுக்கும் முன் மாமியாரிடம் பேசுங்கள்

நாய் கேட்டு போன் செய்கிறவர்கள் எடுத்ததும் கேட்பது "லேப் (லாப்ரடார்) இருக்கா, ராஜபாளையம் இருக்கா" என்று நாயின் இனத்தைத்தான். நான் திருப்பிக் கேட்பது, "மத்தியானம் வீட்டில் யார் இருப்பீங்க?" பாதி முடிவு அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

நம்ம குமரி மாவட்டத்தில் இது ரொம்ப முக்கியம். குட்டிக்கு ஆசைப்படுபவர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவராக இருப்பார், ஒரு மாதத்தில் கிளம்பிவிடுவார், அப்புறம் சோறு வைத்து, மூத்திரம் துடைத்து, ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போவதெல்லாம் அவர் மனைவியும் மாமியாரும்தான். அதனால் அந்த மாமியார் வாசலுக்கு வந்து நாயைத் தொட்டுப் பார்க்காத வீட்டுக்கு நான் குட்டி கொடுப்பதில்லை. ஒரு தடவை கொடுத்தேன். எட்டு மாதத்தில், சங்கிலியைப் பிடிக்க ஆளில்லை என்று லேப் திரும்பி வந்தது. அந்த மாதிரி வீட்டுக்குக் குட்டியே வேண்டாம். இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்த, குணம் தெரிந்த நாட்டு நாய் போதும்.

அடுத்தது, நேரில் போய் வீட்டைப் பாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை அவர் வாயாலேயே கேட்டுவிடுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் விளைக்குள் வீடு என்றால் காவலுக்கு முரட்டு நாய்தான் கேட்பார்கள், ஆனால் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்ட ஆள் வருவாரே, அவரை என்ன செய்வது? இரவில் அவிழ்த்துவிடும் நாய் அவரைத்தான் முதலில் கடிக்கும். அங்கே குரைத்து ஆளைக் கூப்பிடும் நாய் போதும், கடிக்கிற நாய் வேண்டாம். குட்டி வந்த முதல் வாரமே பால் வெட்டுகிறவர் கையால் இரண்டு பிஸ்கட் கொடுக்க வையுங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் ஓடி வேட்டையாடப் பிறந்தவை. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் வேலி போட்ட பெரிய தோட்டம் இருந்தால் சரி, அடுத்த வீட்டில் கோழி வளர்த்தால் சண்டை நிச்சயம். ராஜபாளையம் வீட்டாரிடம் பாசமாக இருக்கும், புது ஆட்களை எளிதில் ஏற்காது, ஆள் வந்துபோகும் கடை வீட்டுக்கு ஒத்துவராது. அந்த வெள்ளை இனத்தில் பிறவிச் செவிடு உண்டு, அதனால் குட்டி பார்க்காதபோது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். பனி நாட்டு நாயான ஹஸ்கி கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, நடுவில் புழுக்கம், அந்த அடர்ந்த ரோமத்துக்குள் ஈரம் தங்கினால் தோல் புண்ணாகிவிடும். (பணம் இருக்கு, ஏசி போடுவேன் என்பார்கள். கரண்ட் போனால்?)

குட்டியையும் பார்க்க வேண்டும். எட்டு வாரம் ஆகாமல் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். சாவிக்கொத்தைத் தரையில் போடுங்கள். மிரண்டு ஓடி, கொஞ்ச நேரத்தில் மோந்து பார்க்கத் திரும்புகிற குட்டி பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகும். மூலையைவிட்டு வராத குட்டிக்குச் சத்தமில்லாத வீடும் பொறுமையான ஆளும் வேண்டும். கூட்டத்தில் எல்லாரையும் மிதித்துக்கொண்டு முன்னால் வருவதைத்தான் எல்லாரும் "சுறுசுறுப்பு" என்று தூக்குவார்கள், முதல்முறை வளர்ப்பவருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

பணம் பற்றியும் ஒளிக்காமல் பேசுங்கள். ஆறு எட்டு வாரத்தில் பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோய்) தடுப்பூசி தொடங்கும், மூன்று மாதத்தில் ரேபிஸ், அப்புறம் வருஷாவருஷம் ஊசி, உண்ணி மருந்து, கருத்தடை. சாளை மீனும் சோறும் போட்டு வளர்த்துவிடலாம் என்பவர்களிடம், முள் எடுத்துப் போடச் சொல்லுங்கள், நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொடுக்கும்போது, ஒத்துவராவிட்டால் தெருவில் விடாதீங்க, எங்கிட்டயே கொண்டு வாங்க என்று வாக்கு வாங்கிக்கொள்கிறேன். லீவு முடிந்து அவர் விமானம் ஏறிய மறு வாரம் அந்த வீட்டுக்கு ஒரு போன் போடுவேன். மாமியார் எடுத்து நாயின் பெயரைச் சொல்லிக் குறை சொன்னால் நிம்மதி. "அந்தச் சனியன்" என்று மட்டும் சொன்னால் அன்றைக்கே வண்டியை எடுத்துவிடுவேன்.