கடக்கரை ஊர்ல கோடைக் கச்சேரி வைக்கப் போறீங்களா, மொதல்ல காத்தப் பாருங்க

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம்னு எல்லா எடத்துலயும் விசைப்படகு கரையேறி நிக்கும், மே மாசம் பூரா பிள்ளைகளுக்கும் லீவு, பொழுது சாஞ்சா வீட்டுக்குள்ள புழுக்கம் தாங்காம சனம் மொத்தமும் வெளிய வந்து உக்காந்திருக்கும். டிக்கெட் இல்லாம, திறந்த வெளில கர்நாடக சங்கீதக் கச்சேரி வைக்க நம்ம பக்கத்துல இதவிட நல்ல நேரம் கெடையாது. வாரத்துக்கு ஒண்ணுன்னா எட்டு கச்சேரி வரும். நாங்க நாலஞ்சு பேர் சேந்து மூணு வருஷமா பார்க்குல நடத்திட்டு வர்றோம், தொண்டியோ தேவிபட்டினமோ கீழக்கரையோ, உங்க ஊருக்கும் இது ஒத்துவரும்.

மொத வருஷம் மேடைய கடலப் பாத்துப் போட்டோம், கச்சேரி பண்றவங்களுக்குக் கடல் தெரியட்டும்னு ஒரு ஆசை. அன்னைக்கு நல்ல தெக்கத்திக் காத்து. பாடுறவங்க வாயத் தொறந்ததும் மைக்ல படபடன்னு தார்ப்பாய் அடிக்குற மாதிரி ஒரே எரைச்சல், முன்னாடி உக்காந்தவங்களுக்கே பாட்டு வரி புரியல, ஆனா மேடைக்குப் பின்னாடி ரெண்டு தெரு தள்ளி டீக்கடைல உக்காந்தவரு அட்சரம் அட்சரமா கேட்டேன்னாரு. சத்தம் காத்துக்கூடப் போறப்ப தரையப் பாத்து வளையும், காத்த எதுத்துப் போனா மேல தூக்கிட்டுப் போயிரும், அதான் விஷயம். அதனால காத்து கச்சேரி பண்றவங்க முதுகுல படணும், அவங்களத் தாண்டி வந்து கேக்குறவங்க முகத்துல படணும். அப்படி மேடை போட்டா பாதி ஸ்பீக்கர் மிச்சம்.

எந்தப் பக்கத்துக் காத்துன்னு போன்ல பாக்காதீங்க. மூணு நாள் முன்னாடியே அதே ஏழு மணிக்குப் பார்க்குக்குப் போயி குச்சில ஒரு துணியக் கட்டி நட்டுப் பாருங்க, இல்ல வலை பின்னிட்டு இருக்குற பெரியவர் யாரையாச்சும் கேளுங்க, இன்னும் ரெண்டு நாளைக்கு தெக்க இருந்து வர்ற சோழகமா, மேக்க இருந்து வர்ற கச்சானான்னு நின்ன எடத்துலயே சொல்லிருவாரு. மேடைக்குப் பின்னாடி தென்னங்கிடுகு கட்டுங்க, அது காத்தோட வேகத்த மட்டும் கொறைக்கும். பிளெக்ஸ் பேனர் கட்டாதீங்க, அது பாய்மரம் மாதிரி காத்த வாங்கி கம்பத்தையே சாச்சுரும், கீழ பிள்ளைக இருக்கும். மைக்குக்கு பஞ்சு உறை போட்டு, அடித்தொனிய (பாஸ்) மிக்ஸர்ல வெட்டச் சொல்லுங்க. பெரிய பாக்ஸ் ரெண்ட அலற விடுறதுக்குப் பதிலா சின்னது நாலு வாங்கி கூட்டத்துக்கு நடுவுல தாழ வைங்க. ஜெனரேட்டர் வேணும்னா காத்து போற பக்கத்துக் கடைசில, கூட்டத்த விட்டு ரொம்பத் தள்ளி நிறுத்துங்க.

அனுமதி விஷயம் சுருக்கமா சொல்றேன். பார்க் நகராட்சியோடதுன்னா அங்க, பேரூராட்சியோடதுன்னா அங்க ஒரு கடிதம், ஒலிபெருக்கிக்கு போலீஸ் ஸ்டேஷன்ல தனியா ஒரு கடிதம். ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாது, ஆஸ்பத்திரி, கோர்ட், பள்ளிக்கூடத்துக்கு 100 மீட்டருக்குள்ள இருந்தா வேற எடம் பாத்துக்கோங்க.

நேரம்னா, மக்ரிப் தொழுகை முடிஞ்சு ஏழு மணிக்கு ஆரம்பிங்க. ஏழே முக்கால் சுமாருக்கு இஷா பாங்கு வரும், அந்தப் பாட்டு முடிஞ்சதும் நிறுத்திட்டு தம்புராவையும் அமத்திருங்க. எங்க கச்சேரில அந்த அஞ்சு நிமிஷம் மிருதங்கத்துக்கு சுருதி சேக்குற நேரமாவும் ஆயிருச்சு. எப்படியும் அது தேவைப்படும், ஏன்னா கடல் ஈரத்துல தோல் இளகி சுருதி எறங்கிட்டே இருக்கும், கல்ல எடுத்துத் தட்டிட்டேதான் இருக்கணும். ஒரு மணி நேரம் முன்னாடியே வாத்தியத்த உறைல இருந்து எடுத்து அந்தக் காத்துலயே வச்சுட்டா தொல்லை கொறையும். கடத்துக்கு இந்தப் பிரச்சன கம்மி, அதுவும் மானாமதுரைல பண்ற பானை, நம்ம பக்கத்து மண்ணு.

வீணைக்கு மட்டும் ரொம்ப கவனம் வேணும். தந்திக்குக் கீழ இருக்குற 24 மெட்டையும் மெழுகுலதான் பதிச்சிருப்பாங்க. போன வருஷம் மதுரைல இருந்து வந்த ஒருத்தவங்க சாப்பிடப் போன நேரம் வீணைய கார்லயே வச்சுட்டோம், கத்திரி வெயில், தொறந்து பாத்தா மெழுகு கொழகொழன்னு ஆகி நாலு மெட்டு சாஞ்சு கெடக்கு, அந்தம்மா ஒண்ணும் பேசாம விரல வச்சு ஒவ்வொண்ணா தடவிப் பாத்தாங்க, எனக்கு இன்னும் மனசு ஆறல. கலாம் ஐயா வாசிச்ச வாத்தியம்னு அன்னைக்கு அவ்வளவு கூட்டம் வேற வந்திருந்துச்சு. கார்ல வைக்காதீங்க, நேரா ஒரு வீட்டுக்குள்ள நெழல்ல கொண்டுபோய் வைங்க.

மொத வாரத்துக்கு நாகசுரம், தவில் வைங்க, அது வெளில வாசிக்கவே பொறந்தது, மைக்கே வேணாம், சத்தம் கேட்டே ஊர் வந்துரும். அடுத்த வாரத்துல இருந்து பாட்டு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க, ஆனா மிருதங்கமும் கடமும் மட்டும் தனியா வாசிக்குற தனி ஆவர்த்தனத்த மட்டும் கொறைக்கவே கொறைக்காதீங்க, ராகம் தெரியாத போட்டுக்காரப் பசங்க தொடைல தாளம் போட்டுட்டே நிமிந்து உக்காருறது அப்பத்தான். மிருதங்க வித்வான் முருகபூபதி பொறந்த ராமநாதபுரம்ங்க இது. ஒவ்வொரு வாரமும் ஆரம்பத்துல கால் மணி நேரம் உள்ளூர்ல பாட்டு கத்துக்குற பிள்ளைகளுக்குக் குடுங்க. அதுக பாடுற மோகன ராகத்து வர்ணம் 'நின்னுகோரி', ராமநாதபுரம் சேதுபதி சமஸ்தானத்துல இருந்த பூச்சி சீனிவாச ஐயங்கார் பண்ணது, பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரோட குரு. இத மைக்ல ஒரு வரி சொல்லுங்க, இந்த சங்கீதம் நம்ம ஊருதும்தான்னு சனத்துக்குத் தெரியணும்.

உக்கார ஓலைப்பாய் போதும், சுத்தி ஓரத்துல முடியாதவங்களுக்குக் கொஞ்சம் சேர். மேடை ரெண்டடிக்கு மேல வேணாம். மேடைல பளீர்னு வெள்ளை லைட் போட்டா பூச்சி பூரா பாடுறவங்க வாய்லதான் போகும், அங்க மஞ்ச லைட்டா போட்டுட்டு வெள்ளை லைட்டு ஒண்ண தூரமா பார்க் வாசல்கிட்ட போடுங்க, எல்லாம் அங்க போயிரும்.

காசு விஷயம். இலவசம்ங்கிறது கேக்க வர்றவங்களுக்கு மட்டும். வாசிக்குறவங்களுக்குப் பேசுன தொகைய கவர்ல போட்டு அன்னைக்கே குடுத்துருங்க, பக்கவாத்தியத்துக்கும் சேத்து. சேவைன்னு நெனச்சு வாங்கன்னு கேக்கவே கேக்காதீங்க. கடைக்காரங்ககிட்ட வசூல் பண்றதா இருந்தா எட்டு வாரத்துக்கும் சேத்து மார்ச்லயே பண்ணிருங்க.

கடைசிக் கச்சேரிய ஜூன் மொத வாரத்தோட முடிச்சிருங்க. அதுக்கப்பறம் போட்டுல ஐஸும் டீசலும் ஏத்த ஆரம்பிச்சுருவாங்க, பாய்ல உக்கார ஆள் இருக்காது.