சீசனுக்கு இறங்கணும், சீசன் முடிஞ்சா ஏறணும்: பிக்கப்புக்கு ஒரு படுக்கைக் கூண்டு

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் மாந்தோப்பு. பெங்களூரா அதிகம், கொஞ்சம் செந்தூரா. மே மாசம் தொடங்கி ஜூலை கடைசி வரைக்கும் எங்க பொலேரோ பிக்கப் ஜூஸ் ஃபேக்டரி வாசல்ல வரிசையில நிக்கும். மீதி மாசமெல்லாம் எரு, தீவனம்னு எப்பவாவது ஓடும். அந்த மாசங்கள்ல பயணம் போய் ராத்திரி உள்ளே படுத்துக்க, வண்டித் தொட்டியில ஏத்தி இறக்குற மாதிரி கட்டினதுதான் இந்தக் கூண்டு. நீங்களும் பிழைப்புக்கு ஓட்டுற வண்டியில கட்டப் போறீங்கன்னா, கூண்டை ஒரு லோடாவே நினைச்சுக் கட்டுங்க. சேசிஸ்ல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல, வெல்டிங் வைக்காதீங்க, ஓட்டை போடாதீங்க. ஆர்சியில இருக்கிறதுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டே வேலையை ஆரம்பிங்க. சரக்கு வண்டி என்பதால ஓடும்போது கூண்டுக்குள்ள ஆள் உட்காரவே கூடாது. குழந்தைங்க எவ்வளவு அடம்பிடிச்சாலும் சரி.

முதல் கூண்டு எனக்குப் பாடம். பட்டறைக்காரர் “கல்லு மாதிரி இருக்கும்ணா”ன்னார், நானும் தலையாட்டினேன். 2 இஞ்ச் ஸ்கொயர் டியூப், 18 மில்லி பிளைவுட், உள்ளே ஆள் நிமிர்ந்து நிக்கிற உயரம். எடை மேடையில ஏத்திப் பார்த்தா கூண்டு மட்டும் 520 கிலோ. வண்டி தாங்குற எடைதான், மாங்கா லோடு இதைவிட ரெண்டு மடங்கு போகும். ஆனா மாங்கா கீழே கிடக்கும், கூண்டோட கனமெல்லாம் மேலே நிக்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்துல ஒரு வளைவுல வண்டி ஒரு பக்கம் சாஞ்ச சாய்வு இன்னும் வயித்துல இருக்கு. திரும்பி வந்ததும் முழுசாப் பிரிச்சேன்.

ரெண்டாவது கூண்டுக்கு 1 இஞ்ச் ஸ்கொயர் டியூப், 16 கேஜ் தடிமன். சுவருக்கும் கூரைக்கும் கடை போர்டுக்குப் போடுற 3 மில்லி ஏசிபி ஷீட், நடுவுல தெர்மாகோல். தரைக்கு மட்டும் 12 மில்லி பிளைவுட். எடை 240 கிலோ. உள்ளே உயரம் 5 அடிதான். நிமிர்ந்து உட்காரலாம், நிக்க முடியாது. எங்க வண்டித் தொட்டி 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். முன்பக்கம் 6 அடி படுக்கைக்கு, பின்பக்கம் 3 அடி அடுப்புக்கும் சாமானுக்கும். 20 லிட்டர் தண்ணி கேன் ரெண்டும் பேட்டரியும் படுக்கைக்கு அடியில, பின் அச்சுக்கு முன்னால வரணும். ரெண்டு கேனே 40 கிலோ, அதைக் கதவோரம் வச்சா பள்ளத்துல பின்பக்கம் தூக்கிப் போடும். சவாரி சொகுசா இருக்கட்டும்னு பின் ஸ்பிரிங் பட்டையில ஒண்ணைக் கழட்டச் சொல்றவங்க உண்டு. கழட்டாதீங்க. மே மாசம் மாங்கா லோடு வந்துடும்.

ஏத்தி இறக்குறதுக்கு எங்க ஊர் சென்டரிங் வேலைதான் வழி காட்டுச்சு. கூண்டோட நாலு மூலையிலும், தொட்டியோட பக்கப் பலகைக்கு மேல வர்ற உயரத்துல, வெளியே 9 இஞ்ச் நீட்டிக்கிட்டு ஒரு கை வையுங்க. அதுல 5 அடி பைப்பைக் காலா நிறுத்தி, அடியில சென்டரிங் ஜாக்கி, சுத்தினா உயருற திருகு. நாலு பேர் ஆளுக்கொரு ஜாக்கியா, சேர்ந்தாப்புல நாலு நாலு சுத்தா ஏத்தினா கூண்டு கிளம்பும். 3 இஞ்ச் கிளம்பினதும் பின்கதவைத் திறந்துட்டு வண்டியை மெதுவா முன்னால எடுத்துடலாம். தரை கெட்டியா, மட்டமா இருக்கணும். ஏத்துறப்ப யாரும் கூண்டுக்கு அடியில கை விடக் கூடாது. கையும் காலும் கழட்டுற மாதிரி இருக்கட்டும், ஓடும்போது அதெல்லாம் வேண்டாம்.

தொட்டியில முதல்ல மாட்டுக் கொட்டகைக்குப் போடுற ரப்பர் மேட்டை விரிச்சிடுங்க, கூண்டு வழுக்காது. முன்னால இடைவெளி இருந்தா மரக்கட்டை அடைங்க, பிரேக் போட்டா முன்னேறி கேபினை இடிக்கும். கட்டுறதுக்கு நைலான் கயிறு வேண்டாம், இளகிடும். கூண்டோட அடி மூலையிலிருந்து தொட்டிக் கொக்கிக்கு நாலு டர்ன்பக்கிள், முறுக்கி இறுக்குற திருகுக் கொக்கி. 20 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒரு சுத்து முறுக்குங்க.

கரண்ட் விஷயத்துல பலரும் பெருசா வாங்கி ஏமாறுறாங்க. கணக்கு சின்னது: 15 வாட் டிசி ஃபேன் 8 மணி நேரம், 5 வாட் லைட் ரெண்டு 4 மணி நேரம், ரெண்டு போன். எல்லாம் சேர்த்து ராத்திரிக்கு 200 வாட் மணி கூட வராது. 12.8 வோல்ட் 40 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில 512 இருக்கு, ரெண்டு ராத்திரி தாராளம். கூரை மேல 100 வாட் சோலார் போதும். பேட்டரி வாயிலேயே ஃப்யூஸ் போடுங்க.

காத்துக்கு மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, வலை போட்ட ஜன்னல் வையுங்க. கீழ் ஜன்னல் கேஸுக்கு. கசிஞ்சா அது தரையோரம்தான் தேங்கும். டிசம்பர்ல ஒரு ராத்திரி குளிருக்குப் பயந்து ரெண்டையும் சாத்திட்டுப் படுத்தோம். மூச்சுக்காத்து ஈரமாகி, விடியக்காலை கூரையிலிருந்து மூஞ்சியில சொட்டுச்சு. அடுப்பை எப்பவும் கதவுக்கு வெளியே எடுத்து வச்சுத்தான் பத்த வைக்கணும். குளிர்காய உள்ளே கரி மூட்டினா உயிருக்கே ஆபத்து.

எங்கே நிறுத்துறதுங்கறதுல கண்டிப்பா இருங்க. அஞ்செட்டி, ஒகேனக்கல் காடெல்லாம் சரணாலயம். காவிரி வடக்கு 2014-லயும், காவிரி தெற்கு 2022-லயும் அறிவிச்சது. வனத்துறை அனுமதி இல்லாம காட்டுல ராத்தங்கக் கூடாது. நாங்க தெரிஞ்சவங்க தோட்டத்துல கேட்டுத்தான் நிறுத்துறோம். ராகி அறுப்பு நேரத்துல பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் தளி, ஜவளகிரின்னு இறங்கும், அப்ப அந்தப் பக்கமே போறதில்ல. மத்த நாள்லயும் பழம், உப்பு எதையும் கூண்டுல வச்சுக்கிட்டுத் தூங்குறதில்ல.

ஏப்ரல் கடைசியில இறக்கி, கரையான் ஏறாம நாலு மூலைக்கும் சிமெண்ட் கல் வையுங்க. பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வையுங்க. வலை ஜன்னல் கொக்கியை மறக்காதீங்க. போன வருஷம் நான் மறந்துட்டேன். ஆகஸ்ட்ல திறந்தா, படுக்கைக்கு அடியில எங்க கோழி 11 முட்டை மேல அடைக்கு உட்கார்ந்திருக்கு. வீட்டுக்காரம்மா கையை வைக்க விடல. வத்தல்மலைப் பயணம் 21 நாள் தள்ளிப் போச்சு.