எழுத்துக்குள் கடல்: இங்க்ஸ்கேப்பில் கிளிப்பும் மாஸ்க்கும்

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடும் தம்பி ஒருவர் போன மாதம் ஒரு போஸ்டர் கேட்டார். "அண்ணா, திருமலை எண்டு பெரிசா எழுதவேணும், எழுத்துக்குள்ள கடல் தெரியவேணும்" என்றார். திருமலை என்றால் திருகோணமலை. அவருக்குச் செய்து கொடுத்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன். தேவையானது இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருள், இலவசமாகவே கிடைக்கும். 2020இல் வந்த 1.0 அல்லது அதற்குப் பிந்திய எந்தப் பதிப்பும் போதும்.

கைவைக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கிளிப் செய்தால் போட்டோ வெட்டுப்படாது. மட்டையில் ஓட்டை போட்டு போட்டோவின் மேல் வைத்தால் ஓட்டை அளவுக்குத்தானே படம் தெரியும்? அதேதான். மட்டையை எடுத்தால் முழுப் படமும் அப்படியே இருக்கும்.

படி 1: போட்டோ

கன்ட்ரோல்+ஐ அழுத்தி, கடல் போட்டோவைக் கொண்டுவாருங்கள். வரும் பெட்டியில் 'எம்பெட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். 'லிங்க்' கொடுத்தால் போட்டோ ஃபைலுக்குள் சேராது. நான் ஒருமுறை லிங்க் கொடுத்துவிட்டு ஃபைலை மட்டும் அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே திறந்தபோது படம் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

அப்புறம் போட்டோவைத் தெரிவு செய்து கன்ட்ரோல்+ஜி அழுத்துங்கள். ஒரே ஒரு படத்தை ஏன் குரூப் செய்யவேண்டும் என்று தோன்றும். காரணம் படி 3இல் வரும்.

படி 2: எழுத்து

டெக்ஸ்ட் கருவியால் 'திருமலை' என்று தட்டச்சு செய்யுங்கள். மெல்லிய எழுத்துரு வேண்டாம், உள்ளே கடல் இருப்பதே தெரியாது. நோட்டோ சான்ஸ் தமிழின் பிளாக் வகை நன்றாகத் தடித்திருக்கும்.

இனி ஷிஃப்ட்+கன்ட்ரோல்+சி. எழுத்து பாத், அதாவது வெறும் வரைவடிவம் ஆகிவிடும், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக ஒரு குரூப்புக்குள் இருக்கும். ஷிஃப்ட்+கன்ட்ரோல்+ஜி அழுத்திக் குரூப்பைப் பிரியுங்கள். எல்லாம் தெரிவில் இருக்கும்போதே, பாத் மெனுவில் 'யூனியன்' கொடுங்கள். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். எழுத்துகள் ஒன்றாகச் சேராவிட்டால், எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ஒரேயொரு எழுத்துதான் ஓட்டையாக வேலை செய்யும். 'கம்பைன்' கொடுத்தாலும் சேரும்தான். ஆனால் சில எழுத்துருக்களில் துணைக்குறி எழுத்தின் மேல் ஏறி நிற்கும். அந்த இடத்தில் சின்ன வெற்றிடம் விழக்கூடும். தமிழுக்கு யூனியன்தான் நல்லது.

படி 3: கிளிப்

எழுத்தை போட்டோவின் மேல் வைத்து, ஹோம் பட்டனை அழுத்துங்கள், அது மேலே வந்துவிடும். எழுத்தைச் சுற்றிக் கோடு வேண்டுமென்றால் இப்போதே கன்ட்ரோல்+சி செய்து நகலெடுத்து வையுங்கள். கிளிப்புக்கு உருவம் மட்டும்தான் கணக்கு, நிறமும் கோடும் கணக்கில் வராது. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு போட்டோவையும் எழுத்தையும் தெரிவு செய்து, ஆப்ஜெக்ட் மெனுவில் கிளிப், அதற்குள் முதலில் உள்ள 'செட்'.

கடல் எழுத்துக்குள் போயிருக்கும். நகலெடுத்தவர்கள் கன்ட்ரோல்+ஆல்ட்+வி அழுத்தினால் அதே இடத்தில் எழுத்து வந்து உட்காரும். அதன் நிறத்தை நீக்கிவிட்டுக் கோடு மட்டும் கொடுங்கள்.

எனக்கு முதல் தடவை 'தி'யின் உள்ளே வானமும் 'லை'யின் உள்ளே வெறும் மணலும்தான் வந்தன. குரூப் செய்தது இதற்குத்தான். படத்தின் மேல் இருமுறை கிளிக் செய்தால் குரூப்புக்குள் போய்விடுவீர்கள். அங்கே போட்டோவை நகர்த்துங்கள், பெரிதாக்குங்கள். எழுத்து அசையாது, உள்ளே கடல் மட்டும் நகரும். அலை நுரை சரியாக 'ம' எழுத்தின் அடியில் வரும்வரை நான் நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

படி 4: மாஸ்க்

போஸ்டரின் மேற்பகுதிக்குச் சுவாமி மலையின் (திருகோணமலையில் கோணேசர் கோயில் உள்ள குன்று) படம். அதன் அடிப்பகுதி மெல்ல மறைந்து வெள்ளைத் தாளோடு கலக்கவேண்டும், அங்கேதான் படகு நேரம் எழுதவேண்டும். கிளிப்பால் இது முடியாது, அதன் கரை எப்போதும் கூர்மையாகத்தான் வரும். மாஸ்க் வேண்டும்.

படத்தை முழுதும் மூடும்படி கோடில்லாத வெள்ளைச் செவ்வகம் ஒன்று வரையுங்கள். ஜி அழுத்தி, கிரேடியன்ட் கருவியால் படத்தின் நடுவிலிருந்து அடிவரை இழுங்கள். வெள்ளை மெல்ல ஊடுருவும் நிலைக்குப் போகும். இரண்டையும் தெரிவு செய்து ஆப்ஜெக்ட் மெனுவில் மாஸ்க், பிறகு 'செட்'. வெள்ளை உள்ள இடம் தெரியும், கறுப்பு உள்ள இடமும் ஊடுருவும் இடமும் மறையும், சாம்பல் பாதி தெரியும். கறுப்புச் செவ்வகத்தை மாஸ்க்காகக் கொடுத்தால் படமே காணாமல் போகும். பயப்படவேண்டாம், அதே மெனுவில் 'ரிலீஸ்' கொடுத்தால் திரும்பி வரும்.

அந்த ரிலீஸை மற்றவர்களும் கொடுக்கலாம். கடற்கரைப் போட்டோவின் ஓரத்தில் யாரோ வீட்டுப் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தால், நீங்கள் மறைத்த பிறகும் அவர்கள் எஸ்விஜி ஃபைலுக்குள் (இங்க்ஸ்கேப்பில் நீங்கள் சேமிக்கும் ஃபைல்) இருக்கிறார்கள். அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் இணையத்தில் போடும்போதும் பிஎன்ஜியாக, அதாவது வெறும் படமாக எக்ஸ்போர்ட் செய்து அதை மட்டும் கொடுங்கள். எஸ்விஜி உங்களிடமே இருக்கட்டும்.