எண்ணூர் காமெட்: பழைய லாரியை 1/24 அளவில் கட்டும் முறை

எண்ணூர் தொழிற்சாலையில் 1949-ல் முதலில் பாகம் சேர்த்துப் பூட்டப்பட்டது லாரி அல்ல, ஆஸ்டின் ஏ40 கார். அந்தத் தொழிற்சாலையின் அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லாரிக் கம்பெனியான லேலண்டோடு ஒப்பந்தம் போட்டது 1950-ல். லேலண்டின் காமெட் லாரிக்கான சேசிஸ் (அடிச்சட்டம்) அதன் பிறகுதான் வந்தது. 1955-ல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. மாடல் கட்டுகிறவர் இந்த வரலாற்றோடு சேர்த்து மனதில் வைக்கவேண்டியது ஒன்று உண்டு. லாரி வாங்கியவர் கையில் பெரும்பாலும் வந்தது சேசிஸும் எஞ்சினும் முகப்புத் தகடும்தான். கேபினையும் பாடியையும் ஊர்ப் பட்டறையில் கட்டிக்கொண்டார்கள். ஆகவே ‘சரியான காமெட் கேபின்’ என்று ஒன்று கிடையாது. ஏதாவது ஒரு குறிப்பிட்ட வண்டியைப் பிடித்து, அதை மட்டும் அப்படியே கட்டுங்கள். நாலு படங்களிலிருந்து நாலு பாகம் எடுத்தால், எந்தப் பட்டறையிலும் பிறக்காத லாரிதான் மிஞ்சும்.

முதல் மாடலுக்குத் தட்டை முக வண்டியே, அதாவது முன்னால் பானட் நீளாத வண்டியே நல்லது. டாடா மெர்சிடஸின் பழைய பானட் வண்டி அழகுதான், ஆனால் அந்த வளைவுகளைத் தகட்டில் கொண்டுவருவது தனி வித்தை.

1/24 அளவைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாடி கட்டுகிறவர்கள் இன்றும் அடி, அங்குலத்தில் பேசுகிறவர்கள். 1/24-ல் ஓர் அடி என்பது சரியாக அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. நிஜத்தில் ஓர் அங்குலம் என்றால் மாடலில் ஏறக்குறைய 1 மி.மீ. ‘எட்டடி அகலம், பதினேழு அடி நீளம்’ என்று பட்டறைக்காரர் சொன்னதும் 101.6-க்கு 215.9 மி.மீ. என்று வெட்டிக்கொண்டே போகலாம்.

அளவு எடுப்பது

மாதவரம், மணலி, காசிமேடு பக்கம் பழைய லாரி கண்ணில் பட்டால் டிரைவரிடம் கேட்டுவிட்டு டேப் பிடியுங்கள். பெரும்பாலும் அவரே மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். வண்டி இல்லை, படம்தான் இருக்கிறது என்றால் டயர்தான் உங்கள் அளவுகோல். 9.00-20 டயரின் வெளி விட்டம் சுமார் 1018 மி.மீ.; 1/24-ல் 42.4 மி.மீ. படத்தில் டயரின் விட்டம் 212 பிக்சல், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 990 பிக்சல் என்றால், 990-ஐ 212-ஆல் வகுத்து 42.4-ஆல் பெருக்குங்கள்: 198 மி.மீ. இதே கணக்கில் கேபின் உயரம், கதவு அகலம், பம்பர் எல்லாமே வந்துவிடும்.

இங்கே மூன்று இடங்களில் கணக்கு பிசகும். டயரின் விட்டத்தை மேலிருந்து கீழாக அளக்கக்கூடாது. எடையில் அடிப்பக்கம் அமுங்கியிருக்கும். குறுக்குவாட்டில் அளக்க வேண்டும். அடுத்து, டயரின் பக்கத்தில் உள்ள எண்ணைப் படிக்காமல் 9.00 என்று எடுத்துக்கொள்வது. 10.00-20 மாட்டியிருந்தால் விட்டம் சுமார் 1053 மி.மீ.; பதினேழு அடி பாடியில் ஏழு அங்குலம் தவறும். மூன்றாவது, கிட்ட நின்று எடுத்த படம். பத்து மீட்டராவது தள்ளி நின்று, கேமராவைச் சக்கரத்தின் நடுக்குமிழ் உயரத்தில் பிடித்து, ஜூம் செய்து, நேர் பக்கவாட்டில் எடுத்த படத்துக்குத்தான் இந்தக் கணக்கு செல்லும்.

பொருள்கள்

ஸ்டைரின் ஷீட் (மாடல் கட்டும் பிளாஸ்டிக் தகடு) 0.5 மி.மீ., 1 மி.மீ. இரண்டிலும் ஏ4 அளவில் மூன்று மூன்று, 1 மி.மீ. பித்தளைக் கம்பி ஒரு மீட்டர், ஜன்னலுக்கு 0.3 மி.மீ. தெளிவான ஷீட், வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) 400, 800, 1200 எண்களில். மாதிரி வெட்டிப் பார்க்கத் தடித்த அட்டையை, சென்னையில் காகிதக் கடைகள் உள்ள ஆண்டர்சன் தெருவில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுக் கேபினையும் முதலில் அட்டையில் செய்து நிறுத்திப் பார்த்தால் ஸ்டைரின் வீணாகாது.

ஸ்டைரினுக்குப் பதில் சன் போர்டு (நுரைப் பிளாஸ்டிக் பலகை) போதுமா என்று பலர் கேட்கிறார்கள். பாடியின் அடித்தளத்துக்குப் போதும். கேபினுக்கு வேண்டாம்: வெட்டிய விளிம்பில் நுரைத் துளைகள் தெரியும், எத்தனை தடவை பட்டி வைத்தாலும் பெயிண்டுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

ஒட்ட, அக்ரிலிக் எழுத்து வெட்டுகிற கடைகளில் புழங்கும் மெத்திலீன் குளோரைடு ஸ்டைரினையும் பிடிக்கும். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து இடுக்கில் பிரஷ் நுனியால் ஒரு சொட்டு விட்டால் போதும், அதுவே ஓடிப் பரவும். ஆவி கெடுதலானது, ஜன்னல் திறந்து, மின்விசிறி வெளிப்பக்கம் தள்ள, கையுறையோடு மட்டும் பயன்படுத்துங்கள்.

சேசிஸும் பட்டையும்

தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டியது: லோடு வண்டியா, காலி வண்டியா? காலி வண்டியில் ஸ்பிரிங் பட்டைகள் நன்றாக வளைந்திருக்கும். லோடு ஏறினால் ஏறக்குறைய நேராகிவிடும். காலி வண்டிக்கான வளைவைச் செய்துவிட்டு மேலே மூட்டை அடுக்கினால், விவரம் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

பட்டைக்கு 0.5 மி.மீ. ஷீட்டை 3 மி.மீ. அகல நாடாவாக வெட்டுங்கள். எத்தனை பட்டை என்பதை வண்டியில் எண்ணிக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் வேறுபடும், பின்பக்கம் மேலே உதவிப் பட்டையும் இருக்கலாம். வளைவைப் பலகையில் வரைந்து ஆணி அடித்து, நீளப் பட்டையில் தொடங்கி ஒவ்வொன்றாக அந்த ஆணிகளுக்குள் வைத்து ஒட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். பசை காய்ந்ததும் வளைவு தானே நிற்கும். பட்டை முனைகளைச் சதுரமாக விடாமல் லேசாக மூலை வெட்டுங்கள். யூ போல்ட்டுக்குப் பித்தளைக் கம்பி.

சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களும் ‘ப’ வடிவம். 1 மி.மீ. நடுத்தகடு, மேலும் கீழும் 0.5 மி.மீ. நாடா. குறுக்குச் சட்டங்களை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தே ஒட்டுங்கள். ஒரு மூலை அரை மி.மீ. தூக்கினாலும் ஆறு சக்கரமும் தரையில் படாது. பெரிய தகடு இரண்டை முகத்தோடு முகம் ஒட்ட வேண்டிவந்தால், உள்தகட்டில் 2 செ.மீ.-க்கு ஒரு துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் உள்ளே மாட்டிய பசை வாரக்கணக்கில் மெல்ல ஆவியாகித் தகட்டை முறுக்கிவிடும்.

சக்கரம்

ஆறு சக்கரம், ஒரு ஸ்டெப்னி: ஏழு டயர். கடையில் வாங்கும் மென்மையான வினைல் டயரில் ஒரு தொல்லை உண்டு. அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் சில மாதங்களில் கசிந்து ஸ்டைரின் ரிம்மை உருக்கும். ஒன்றை மட்டும் கையால் செய்து சிலிகான் அச்சு எடுத்து, ரெசினில் ஏழு வார்ப்பதே மேல். வட்டத் தகடுகளை 10.8 மி.மீ. தடிமனுக்கு அடுக்கி, டிரில்லில் மாட்டிச் சுழற்றி, வாட்டர் பேப்பரால் தோள்பட்டையை உருட்டினால் மூலம் தயார். டயர் ஒன்றுக்குச் சுமார் 10 மி.லி. ரெசின் பிடிக்கும், சேதாரத்தோடு 90 மி.லி. கலக்கவும்.

பாலியூரித்தேன் ரெசின் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு விட்டு நுரைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ திறந்து வைத்த பாட்டிலை நம்பாதீர்கள். மழைக்காலத்தில் எபாக்சி ரெசின் பாதுகாப்பு. மறுநாள்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்பக்க இரட்டை டயர்களுக்கு நடுவே 1 முதல் 1.5 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் நிஜ வண்டியில் டயர் உரசிச் சூடேறி வெடிக்கும் நிலை அது.

கேபின், பாடி

பழைய பட்டறைக் கேபின் மரச் சட்டத்தின் மேல் தகடு அடித்தது. முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டு. மாடலிலும் அதே வரிசையில் போங்கள்: 2 மி.மீ. சதுர நாடாவில் சட்டம், அதன் மேல் 0.5 மி.மீ. தோல், கதவின் விளிம்பில் மெல்லிய நாடா. கண்ணாடியைப் பெயிண்டுக்குப் பிறகு ஃபெவிகாலால் ஒட்டுங்கள். சூப்பர் குளூவின் ஆவி தெளிவான ஷீட்டில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

பாடியின் தரைப் பலகைக்கு நிஜ மரமே சிறப்பு. ஓர் அங்குலப் பலகை என்றால் 1 மி.மீ. தடிமன், ஐஸ் குச்சியைத் தேய்த்து மெலிதாக்கினால் கிடைக்கும். தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரை ஃபெவிகாலும் தண்ணீரும் சமமாகக் கலந்ததில் நனைத்து, லோடின் மேல் போர்த்தி, ஈரமாக இருக்கும்போதே நூல் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். காய்ந்தபின் கட்டினால் மடிப்பு விழாது.

பெயிண்ட்

வெறும் ஸ்டைரின் மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டை நேரே அடித்தால் தின்னர் தகட்டைத் தின்று நரம்பு நரம்பாக வெடிப்பு விடும். முதலில் அக்ரிலிக் பிரைமர், அதுவும் தூவலாக இரண்டு தடவை, ஒரு நாள் காயவிட்டு. பிறகு ஏர்பிரஷ்ஷில் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், பெயிண்ட் பால் பதம்.

வடசென்னையில் பெயிண்ட் கெடுவதற்குப் பெரிய காரணம் கையல்ல, காற்று. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பெயிண்ட் வெண்மையாகப் பூக்கும். விடியற்காலை ஈரம் அதிகம். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே புகுந்ததும் மறுபடி ஏறும். காலை ஒன்பதுக்கு மேல், கடற்காற்று தொடுவதற்குள் முடித்துவிடுங்கள். ஈரப்பதமானி 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்குப் பெயிண்டை விட்டுவிட்டு ஸ்பிரிங் பட்டை சீவலாம். பூத்துவிட்டால் தேய்த்து எடுக்க வேண்டாம். ரிடார்டர் தின்னரை (மெல்ல ஆவியாகும் தின்னர்) மட்டும் மெலிதாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

எழுத்துகளுக்கு டெக்கல் பேப்பர், அதாவது அச்சிட்டுத் தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் தாள். வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. மஞ்சளும் அடிநிறத்தைக் காட்டிவிடும். ஆகவே வெள்ளை டெக்கல் பேப்பரில் கேபினின் நிறத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். இன்க்ஜெட் மை கரையும், தண்ணீரில் போடுமுன் கிளியர் (நிறமற்ற வார்னிஷ்) அடித்துவிடுங்கள். நம்பர் பிளேட்டில் 1989-க்கு முன்பு மூன்று எழுத்தும் நான்கு வரை இலக்கமும்தான். ‘டி.என். 01’ வகை எண் அதற்குப் பிறகு வந்தது. லாரிக்கு மஞ்சள் பிளேட்டும் பிற்கால வழக்கம். பழைய வண்டிக்கு வெள்ளையில் கறுப்பு எழுத்து.

துருவை அளவாக வையுங்கள். கடலோர வண்டியில் அது கதவின் அடிவிளிம்பு, மழைநீர்ப் பட்டை, மரச்சட்டத்தில் ஆணி அடித்த வரிசை ஆகியவற்றில் தொடங்கும். நடுத்தகட்டில் சும்மா வராது. எண்ணூர்ப் பக்கம் ஓடிய வண்டியென்றால் அடிப்பாகத்தில் செம்மண் தூசைவிடச் சாம்பல் நிறத் தூசே பொருந்தும்.

முடித்த மாடலைக் கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். அந்துருண்டை மட்டும் போடாதீர்கள். நாஃப்தலின் ஆவி பாலிஸ்டைரினை இளக்கிப் பிசுபிசுக்க வைத்துவிடும்.