பொதுக் காரணி எடுக்கும்போது அந்த ஒன்று எங்கே போச்சு?

கிளிநொச்சியில் பின்னேர ரியூசனுக்கு வருகிற பிள்ளைகளின் கொப்பியைத் திருத்த உட்கார்ந்தால், முதல் கொப்பியிலேயே இந்தப் பிழை வந்துவிடும். 5ப + 5 ஐக் காரணிப்படுத்தச் சொன்னால், அதாவது பொதுவானதை வெளியே எடுத்துப் பெருக்கமாக எழுதச் சொன்னால், 5(ப) என்று எழுதி அடைப்பை மூடிவிடுகிறார்கள். (எக்ஸ், வைக்குப் பதிலாக இங்கே ப, க.) கேட்டால், "5 ஐ வெளியில எடுத்தாச்சு சேர், பிறகு உள்ள என்ன இருக்கு?"

ஏ9 வீதியால் வருகிற பஸ் முறிகண்டியில் நிற்கிறது. ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு ப சரை (கடதாசிச் சுருள்) கச்சான் வாங்கிக் கொடுக்கிறீர்கள், பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஏறும்போது ஆளுக்கு இன்னும் ஒரு சரை. மொத்தம் 5ப + 5. ஒரு பிள்ளையின் கையில் ப + 1, ஆகவே விடை 5(ப + 1). 5(ப) என்று எழுதினால் கடைசிச் சரையை ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்றாகிறது. வெளியே எடுப்பது என்றால் கழிப்பதல்ல, வகுப்பது. 5 ஐ 5 ஆல் வகுத்தால் 1, பூச்சியம் இல்லை. கொடுத்த கோவையில் (5ப + 5 இல் 5ப, 5 என்று இரண்டு உறுப்பு) எத்தனை உறுப்போ, அடைப்புக்குள்ளும் அத்தனை இருக்கவேண்டும், எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது அரைகுறையாக எடுப்பது. 12ப² + 18ப என்பதை 2ப(6ப + 9) என்று விட்டுவிடுவார்கள். பெருக்கிப் பார்த்தால் சரியாகத்தான் வரும், அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படாது. உள்ளே 6க்கும் 9க்கும் இன்னும் 3 பொதுவாக இருக்கிறதே! பொதுக் காரணிகளுட் பெரியது 6ப, விடை 6ப(2ப + 3). ப³, ப² இரண்டும் வந்தால் சின்னச் சுட்டியைத்தான் எடுக்கலாம், அதாவது ப².

சய (−) குறி வந்தால் இன்னும் சிக்கல். −4ப + 8 இல் −4 ஐ எடுத்தால் உள்ளே குறி மாறும்: −4(ப − 2). ப + 2 என்று எழுதியவர் ஒருதரம் பெருக்கிப் பார்த்திருந்தால் −8 வருவதைக் கண்டிருப்பார்.

ப(க − 2) + 3(2 − க) மாதிரி ஒன்று வந்தால் பொதுக் காரணி இல்லை என்று சிலர் விட்டுவிடுவார்கள். இருக்கிறது, திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான். (2 − க) என்பது −(க − 2). எனவே ப(க − 2) − 3(க − 2), அதாவது (க − 2)(ப − 3). ஆனால் (2 + க) வந்தால் ஒன்றும் செய்யவேண்டாம், அது (க + 2) தான். இதைப் படிப்பித்த அடுத்த நாளே அதற்கும் முன்னால் ஒரு சய போட்டுக்கொண்டு வருவார்கள்.