ஒரே தகைவிலானை நான்கு முறை எண்ணிய கதை

வசந்த காலத்தில் வலசை போகும் பறவைகளை எண்ண, சென்ற வாரம் தீவுக்கு வந்த இரண்டு புதியவர்களின் குறிப்பேட்டைப் புரட்டினேன். அதே தவறுகள், என் பழைய நோட்டைத் திறந்த மாதிரியே இருந்தது. தொப்பி, தண்ணீர், பைனாகுலர் துடைப்பதெல்லாம் அவர்களே கற்றுக்கொள்வார்கள். மற்ற தவறுகள் இங்கே.

நல்ல வானிலைக்குக் காத்திருப்பது

வடகோளத்து வசந்தத்தில் பறவைகள் வடக்கே போகின்றன. தென்றல் அவற்றுக்குப் பின்காற்று. தெளிந்த இரவில் தென்றலும் சேர்ந்தால் தீவைச் சட்டை செய்யாமல் உயரத்திலேயே கடந்துவிடும், காலையில் புதர்கள் காலி. நடு இரவில் வாடை திரும்பி மழையும் பிடித்தால்தான் கதிர்க்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் கிடைத்த செடியில் இறங்கும். அன்றைக்குப் படகு ஓடாது. முந்தின நாளே போய்ச் சேருங்கள்.

திசை எழுதாமல் எண்ணுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

தகைவிலான்கள் (swallow) பகலில் வலசை போகிறவை. ஓர் ஏப்ரல் காலை தீவின் வடமுனையில் நான், மேற்குப் பாறையில் நண்பர். மூன்று மணி நேரத்தில் எனக்கு 412, அவருக்கு 380. கூட்டி 792 என்று எழுதிவிட்டுப் பெருமையாகத் தூங்கினோம். மறுநாளும் அதே இடம். வாலில் கம்பி போல நீளும் இறகு ஒன்று ஒடிந்த தகைவிலான் ஒன்று கடலை நோக்கிப் போயிற்று. இருபது நிமிடத்தில் மறுபடி அதே ஒற்றைக் கம்பி. அப்புறம் இன்னொரு முறை. நான்காவது முறை பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

முனைக்கு வந்த பறவைக்கு எதிரே வெறும் கடல். எதிர்காற்றோ மூடுபனியோ இருந்தால் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, கரையோரமாகச் சுற்றி மறுபடி முனைக்கே வரும். அதனால் போனது, திரும்பியது இரண்டையும் தனித்தனியாக, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். கழித்து வருவதுதான் கணக்கு. திசையில்லாத எண்ணைப் பிற்பாடு எந்த வித்தையாலும் சரிசெய்ய முடியாது. என் மூன்று வாரக் குறிப்பு அப்படித்தான் வீணானது. "திசைக் கட்டம் எங்கே?" என்று அந்த இருவரிடமும் கேட்டேன். "மொத்தம் போதாதா சார்?" என்றார்கள்.

புதருக்குள்ளும் இதே வம்புதான். நேற்று ஆறு, இன்று ஆறு, ஆக பன்னிரண்டு என்பார்கள். களைத்து இறங்கிய பறவை, கொழுப்புச் சேரும்வரை சில நாள் தங்கக்கூடும். ஜெர்மனியின் ஹெலிகோலாந்து தீவில் 1910-இல் தொடங்கிய பறவை ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே பிடித்துக் காலில் வளையம் மாட்டுவதால் பழையது எது, புதியது எது என்று பிரிக்க முடிகிறது. வெறும் கண்ணால் எண்ணும் நமக்கு அன்றைய எண் அன்றைக்கு மட்டும்.

குளிர்காலப் படத்தை வைத்துப் பெயர் சொல்வது

சாம்பலாக இருந்த வளைமூக்கு உள்ளான் இப்போது செங்கல் நிறம்.

புதரைத் தட்டிப் பார்ப்பது

வேண்டாம்.

பத்து மணிக்கே கிளம்புவது

முந்தின அந்தியில் புறப்பட்டவை விடியும்போதும் கடலுக்கு மேலேயே இருக்கலாம். எதிர்காற்று என்றால் கரை தொட மதியம் தாண்டிவிடும். அந்த இருவரும் படகேறிய அன்று, இரண்டு மணிக்கு, ஒரு மாங்குயில் அவர்கள் உட்கார்ந்திருந்த பாறையிலேயே வந்து இறங்கியது. நான் போன் பண்ணிச் சொல்லவில்லை.